லைக்காவா, கீயெவ்வா, ஹாசல்பிளாடா, நிக்கான் எஃபா? வயதைக் கண்டுபிடிக்க ஏற்ற கேமரா எது

பழைய ஃபிலிம் கேமராக்களைச் சேர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் அழகைப் பார்த்தோ பெயரைப் பார்த்தோ முதல் கேமராவை எடுக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து அவர்கள் எல்லோருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான்: இது எந்த வருடத்துக் கேமரா? விற்றவர் சொன்ன வருடம் சரிதானா? அரிய வகை என்று சொல்லித் தந்தாரே, அது உண்மையா?

கேமரா சேகரிப்பில் அரிது என்பதே வருடத்தைப் பொறுத்தது. ஒரே மாடலின் முதல் சில நூறு கேமராக்கள் அரியவையாக இருக்கும். அடுத்து வந்த இரண்டு லட்சம் சாதாரணம். ஆகவே எந்தக் குடும்பத்துக் கேமராக்களைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும்போது, அந்தக் குடும்பத்தில் வயதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு சாத்தியம் என்பதை முதலில் பார்க்கச் சொல்வேன். எண் ஒன்றைச் சொல்லும். கேமராவின் பாகங்கள் வேறொன்றைச் சொல்லலாம். இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு ஒத்துப்பார்க்க முடிகிற கேமராவே சேகரிப்பவருக்கு நல்ல கேமரா. இந்த அளவுகோலை வைத்து நான்கு குடும்பங்களைப் பார்ப்போம்: லென்ஸைத் திருகி மாட்டும் திருகு மவுன்ட் லைக்கா, சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர்கள் (தூரத்தைக் கணித்து ஃபோகஸ் செய்ய உதவும் அமைப்பு உள்ளவை), ஹாசல்பிளாட், நிக்கான் எஃப்.

லைக்காவிலிருந்து தொடங்குவோம். ஆவணம் என்று பார்த்தால் இதை மிஞ்ச ஆள் இல்லை. ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் ஆஸ்கர் பார்னாக் உருவாக்கிய இந்தச் சிறிய கேமரா 1925ல் லைப்ஸிக் வசந்தச் சந்தையில் வெளிவந்தது. அதற்கு முன் 1923ல் சோதனைக்காகச் செய்த சுமார் இருபத்தைந்து கேமராக்களுக்குக்கூட எண் உண்டு. அன்றிலிருந்து எந்த எண் எந்த வருடம் என்ற பட்டியல் சேகரிப்பாளர்களிடையே புழங்குகிறது. மேல்தகட்டில் உள்ள எண்ணைப் படித்துப் பட்டியலில் தேடினால் ஒரு நிமிடத்தில் வருடம் கிடைத்துவிடும்.

அந்த ஒரு நிமிடம்தான் ஆபத்தும். நண்பர் ஒருவர் தன் தாத்தாவின் லைக்காவைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். எண்ணைப் பட்டியலில் பார்த்தோம், 1930 என்றது. ஆனால் கேமராவின் முன்பக்கத்தில், லென்ஸுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன வட்டத் திருகி இருந்தது. அரை நொடி, ஒரு நொடி போன்ற மெதுவான வேகங்களை வைக்கும் திருகி அது. லைக்காவில் அது முதலில் வந்தது 1933ன் லைக்கா மூன்று என்ற மாடலில். மேலே லென்ஸோடு இணைந்த ரேஞ்ச்ஃபைண்டரும் இருந்தது. அது 1932ன் லைக்கா இரண்டோடு வந்த ஏற்பாடு. 1930ல் பிறந்த கேமராவில் இவை இருக்கவே முடியாது. நண்பரின் முகம் வாடிவிட்டது, தாத்தா போலியை வாங்கி ஏமாந்துவிட்டார் என்றே நினைத்தார்.

போலி இல்லை. லைக்காவைச் செய்த லைட்ஸ் நிறுவனம், உரிமையாளர்கள் அனுப்பிய பழைய கேமராக்களில் புதிய மாடலின் வசதிகளைப் பொருத்திக் கொடுத்தது. எண்ணை மட்டும் மாற்றாமல் விட்டது. லைக்கா ஒன்றாகப் பிறந்த கேமரா இரண்டாகவோ மூன்றாகவோ திரும்பி வரும். போருக்குப் பிறகு ஃபிளாஷ் இணைப்பும் சேர்த்துக் கொடுத்தார்கள். உள்ளமைந்த ஃபிளாஷ் இணைப்பு வந்ததே 1950ன் லைக்கா மூன்று எஃபில்தான் என்பதால், முப்பதுகளின் எண்ணோடு ஃபிளாஷ் துளை இருந்தால் அதுவும் இப்படிப்பட்ட மாற்றமாகவே இருக்கும். நண்பரின் கேமராவுக்கு இரண்டு வருடங்கள்: பிறந்த வருடம் ஒன்று, மறுபிறவி எடுத்த வருடம் ஒன்று. சில சேகரிப்பாளர்கள் இவற்றைக் கலப்படம் என்று ஒதுக்குவார்கள். எனக்கு இவற்றின் மேல் தனிப் பிரியம். ஒருவர் தன் கேமராவைத் தூக்கி எறியாமல், அடுத்த பத்து வருடத்துக்கும் இதுவே போதும் என்று தொழிற்சாலைக்கு அனுப்பியிருக்கிறார். அந்த முடிவு உலோகத்தில் அப்படியே பதிந்திருக்கிறது.

லைக்கா ஒன்றிலேயே இன்னொரு நுட்பம் உண்டு. 1930 வாக்கில் லென்ஸைக் கழற்றி மாட்டும் வசதி முதலில் வந்தபோது மவுன்டின் அளவு இன்னும் நிலைப்படவில்லை. ஒவ்வொரு லென்ஸையும் ஒரு குறிப்பிட்ட கேமராவுக்காகவே சரிசெய்தார்கள். கேமரா எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை அந்த லென்ஸில் பொறித்தார்கள். 1931ல் அளவு ஒரே சீரானதும் மவுன்டின் மேல்விளிம்பில் ஒரு சிறிய சுழியம் பொறிக்கப்பட்டது. இன்று ஒரு பழைய லைக்கா ஒன்று கையில் வந்து, லென்ஸில் உள்ள மூன்று இலக்கமும் மேல்தகட்டு எண்ணின் வாலும் ஒத்துப்போனால், தொண்ணூறு வருடத்துக்கு மேல் அந்த இரண்டும் பிரியாமல் இருந்திருக்கின்றன என்று பொருள். அதைக் கண்ணாடி வைத்துப் பார்க்கும் நேரத்துக்கு ஈடாக இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு வேறொன்றும் இல்லை.

இனி லைக்காவின் கெட்ட பக்கம். உலகில் அதிகம் போலி செய்யப்பட்ட கேமரா இதுதான். தங்கப்பூச்சு, கழுகு முத்திரை, ஜெர்மன் விமானப்படையின் சொத்து என்ற வாசகம், 1936 ஒலிம்பிக் வளையங்கள் என்று கண்ணைப் பறிக்கும் வேலைப்பாடு எவ்வளவு கூடுகிறதோ, சந்தேகமும் அவ்வளவு கூட வேண்டும். படைக்கென்று செய்த உண்மையான லைக்காக்கள் இருக்கின்றன. ஆனால் சந்தையில் திரிபவற்றில் பெரும்பாலானவை சோவியத் ஃபெட் அல்லது ஸோர்க்கி கேமராக்களின் மேல்தகட்டைச் சுரண்டி மறுபடி பொறித்தவை. சோதிக்க ஒரே வழி போதும். லென்ஸைக் கழற்றுங்கள். மவுன்டுக்குள்ளே மேல்பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் எட்டிப் பார்க்கும். லென்ஸின் அசைவை ரேஞ்ச்ஃபைண்டருக்குச் சொல்வது அதுதான். லைக்காவில் அதன் நுனியில் உருளும் சின்னச் சக்கரம் இருக்கும். ஃபெட்டிலும் ஸோர்க்கியிலும் சக்கரம் இருக்காது, ஆப்பு மாதிரி வழவழப்பான ஓர் உலோக முனை இருக்கும். மேலே எத்தனை கழுகுகள் பொறித்திருந்தாலும் இந்த நுனியை மாற்ற யாரும் மெனக்கெடுவதில்லை. விற்பவர் லென்ஸைக் கழற்றிப் படம் அனுப்ப மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

சோவியத் கேமராக்களுக்கு வருவோம். போலிக்கு மூலப்பொருள் என்ற கெட்ட பெயர் இவற்றின் தலையில் அநியாயமாக விழுந்துவிட்டது. சொந்தமாகவே இவற்றுக்குச் சேகரிக்கத் தக்க வரலாறு உண்டு.

கார்கிவ் நகரில் ஆதரவற்ற சிறுவர்களுக்காக அந்தோன் மகாரென்கோ நடத்திய தொழில் கம்யூனில் 1934ல் வரிசை உற்பத்திக்கு வந்தது ஃபெட். லைக்கா இரண்டின் நகல். சோவியத் ரகசியக் காவல்துறையை நிறுவிய பெலிக்ஸ் எட்மண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கி என்ற பெயரின் முதலெழுத்துகள்தான் ஃபெட். போருக்கு முந்தைய ஃபெட்டை வயதறியத் துணை செய்வது மேல்தகட்டு வாசகம். கம்யூனின் பெயரும் அது எந்த அமைப்பின் கீழ் இருந்தது என்பதும் அதில் பொறித்திருக்கும், உக்ரைனின் என்.கே.வி.டி. (உள்துறை, ரகசியக் காவல் அமைப்பு) என்று இருந்தது பின்னால் சோவியத் ஒன்றியத்தின் என்.கே.வி.டி. என்று மாறியது. அந்தச் சில எழுத்துகள் மாறியதை வைத்து முன்னதா பின்னதா என்று பிரிக்கலாம். எண்ணில் வருடம் கிடையாது. இதைச் சொல்லக் காரணம், சோவியத் கேமரா என்றாலே எண்ணின் முதல் இரண்டு இலக்கம்தான் வருடம் என்று பலர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஃபெட்டுக்கு அது பொருந்தாது. ஃபெட் இரண்டுக்கும் பொருந்தாது. ஸோர்க்கி நான்குக்குப் பொருந்தும்.

அந்த விதி முழுப் பெருமையோடு பொருந்துவது கீயெவ்வுக்கு. ஜெர்மனியின் ஸைஸ் ஐகான் நிறுவனம் 1936ல் கொண்டுவந்த கான்டாக்ஸ் இரண்டு, மூன்று ஆகியவற்றின் கருவிகளும் பாகங்களும் போர் இழப்பீடாகச் சோவியத் ஒன்றியத்துக்குப் போயின. கீயெவ் நகரின் ஆர்சனல் தொழிற்சாலை அவற்றை வைத்து நாற்பதுகளின் இறுதியில் தொடங்கி எண்பதுகள் வரை அதே கேமராவைச் செய்துகொண்டே இருந்தது. மேலிருந்து கீழாக ஓடும் உலோகப் பட்டை ஷட்டர், விரலால் உருட்டி ஃபோகஸ் செய்யும் சின்னப் பற்சக்கரம், எல்லாம் அப்படியே. எண் 58 என்று தொடங்கினால் 1958. பட்டியல் வேண்டாம், ரகசியச் சொல் வேண்டாம்.

இதைவிட முக்கியமானது, கூடவே வரும் யூபிடர் லென்ஸின் எண்ணும் பெரும்பாலும் வருடத்தோடுதான் தொடங்கும். ஆக கேமரா தன் வருடத்தைச் சொல்கிறது, லென்ஸ் தன் வருடத்தைச் சொல்கிறது. இரண்டும் 58 என்றால் ஜோடி சேர்ந்தே தொழிற்சாலையைவிட்டு வந்திருக்க நல்ல வாய்ப்பு. கேமரா 55, லென்ஸ் 63 என்றால் இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு இரண்டு சாட்சியை ஒப்பிடும் பழக்கத்தை இவ்வளவு எளிதாகச் சொல்லித்தரும் கேமரா வேறில்லை. அரிதானதைத் தேடுபவருக்கும் இதில் வேட்டை உண்டு: எண் 47, 48, 49 என்று தொடங்கும் முதல் வரிசைகள், யூபிடர் என்ற பெயர் வருவதற்கு முன் ஸொன்னார் கிராஸ்னகோர்ஸ்க் என்பதன் ரஷ்ய எழுத்துகளைச் சுருக்கி இசட்.கே. என்று பொறித்த லென்ஸ்கள். இங்கே உள்ள குறை, பழுதுபார்த்தவர்கள் இரண்டு மூன்று கீயெவ்களின் பாகங்களைக் கலந்து ஒன்றை ஓடவைப்பது சகஜம். அதனால் திருகுத் தலைகளைப் பார்த்துவிட்டே நம்ப வேண்டும். திறக்காத கேமராவில் திருகின் பிளவு கூர்மையாக, கறுப்பு நிறம் கலையாமல் இருக்கும். பலமுறை திறந்ததில் பிளவின் ஓரம் மழுங்கி, பித்தளை மஞ்சளாகப் பல்லைக் காட்டும்.

ஹாசல்பிளாட் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் அங்கே வேலை அவ்வளவு ஒழுங்கு. எண்ணுக்கு முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். வி, எச், பி, ஐ, சி, டி, யூ, ஆர், இ, எஸ் என்ற பத்து எழுத்தையும் வரிசையாக 1, 2, 3 என்று எண்ணி, கடைசி எஸ்ஸுக்கு 0 போடுங்கள். விக்டர் ஹாசல்பிளாடின் முதலெழுத்துகளோடு பிக்சர்ஸ் என்ற சொல்லைச் சேர்த்தால் இந்தப் பத்தும் நினைவில் நிற்கும். டி யூ என்றால் 67. அவ்வளவுதான். கேமராவுக்கு ஓர் எண், ஃபிலிமை வைத்துப் பின்னால் மாட்டும் பெட்டியான மேகசினுக்குத் தனி எண், மேகசினின் உள்கூட்டில் அதே எண்ணின் கடைசி மூன்று இலக்கம். உள்கூடும் வெளிக்கூடும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டு மேகசின்கள் எங்கோ கலந்துவிட்டன. ஒத்துப்போனால் சேகரிப்புக்கு மட்டும் நல்லது என்றில்லை, படங்களுக்கிடையே இடைவெளி சீராக விழுவதற்கும் நல்லது.

இதில் ஒரே ஓர் இடம் மிகச் சுவையானது. 1948ல் அறிமுகமான முதல் ஹாசல்பிளாடான 1600 எஃப் கோடாக்கின் எக்டார் லென்ஸோடு வந்தது. கோடாக் அந்தக் காலத்தில் தன் எக்டார் லென்ஸ்களில் வேறொரு ரகசியச் சொல்லைப் பயன்படுத்தியது: சி, ஏ, எம், இ, ஆர், ஓ, எஸ், ஐ, டி, ஒய். கேமரோசிட்டி என்று படித்தால் மறக்காது. சி 1, ஏ 2, இப்படியே போய் ஒய் 0. லென்ஸில் இ ஓ என்று இருந்தால் 1946. ஆகவே ஐம்பதுகளின் தொடக்கத்து 1600 எஃப் ஒன்று முழுதாகக் கிடைத்தால், ஸ்வீடன் சொல் ஒன்றும் அமெரிக்கச் சொல் ஒன்றும் ஒரே கேமராவின் வயதைத் தனித்தனியாகச் சொல்லும். இரண்டு தொழிற்சாலைகளுக்கும் ஒருவரை ஒருவர் சரிபார்க்கும் எண்ணமே இருந்ததில்லை, அதனால்தான் அந்தச் சாட்சியத்துக்கு மதிப்பு. ஆனால் இந்தக் கேமராவின் ஷட்டர் நொய்மையானது. படம் எடுக்கும் ஆசையும் இருந்தால் 1957ல் வந்த 500 சி வரிசைக்குப் போங்கள். அங்கே ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கிறது.

நிக்கான் எஃப் பற்றி ஒரு தவறான நம்பிக்கையை முதலில் கலைத்துவிடுகிறேன். எண் 64 என்று தொடங்குவதைப் பார்த்து 1964ன் கேமரா என்று விற்பவர்கள் எழுதுகிறார்கள். 1959ல் வந்த முதல் நிக்கான் எஃபின் எண்ணே 6400001. 64 வருடம் இல்லை. கீயெவ்வில் கற்ற பாடத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஐந்து வருடம் தப்பும், அதுவும் அரியதைச் சாதாரணம் என்று நினைக்கும் திசையில் தப்பும். அதே நிறுவனத்தின் முதல் கேமராவான நிக்கான் ஒன்று மாடலில் 609 என்று தொடங்கும் எண்ணில் 6 என்பது 1946, 09 என்பது செப்டம்பர். ஆனால் அது வடிவமைப்பு முடிவான மாதம், கேமரா விற்பனைக்கு வந்தது 1948ல். ஒரே நிறுவனத்துக்குள்ளேயே எண்ணின் பொருள் இப்படி மாறுகிறது.

நிக்கான் எஃபில் எண் மேல்தகட்டில் இருக்கிறது. மேல்தகடு கழற்றி மாற்றக்கூடிய பாகம். வியூஃபைண்டரும் கழன்று வரும், அதனால் மேலே உட்கார்ந்திருக்கும் 1968ன் மீட்டர் கூடிய ஃபைண்டர், கீழே இருக்கும் கேமராவைப் பற்றி எதையும் சொல்லாது. பின்மூடியும் அப்படியே முழுதாகக் கழன்று கையில் வந்துவிடும். இவ்வளவு கழலும் கேமராவை வயதறிவது கஷ்டம் என்று தோன்றும். அப்படி இல்லை, சிறுசிறு மாற்றங்கள் அவ்வளவு இருக்கின்றன. ஆரம்பத்தில் மேல்தகட்டில் இருந்த, நிறுவனத்தின் அன்றைய பெயரான நிப்பான் கோகாகுவின் முக்கோணச் சின்னம் அறுபதுகளின் நடுவில் நிக்கான் என்ற பெயருக்கு வழிவிட்டது. கடைசிக் காலத்துக் கேமராக்களில் ஃபிலிம் நகர்த்தும் நெம்புகோலின் நுனிக்குப் பிளாஸ்டிக் உறை வந்தது. எண்ணும் இந்த அடையாளங்களும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தால் போதும். அரிதைத் தேடுபவர்கள் விரும்புவது மிகத் தொடக்கத்துச் சிலவற்றை. டைட்டானியம் வருவதற்கு முன் துணித்திரை ஷட்டரோடு வந்தவை. பின்மூடியைக் கழற்றினால் தெரிந்துவிடும்.

நான்குக்கும் பொதுவாக உதவும் சாட்சிகள் சில உண்டு. ஃபிலிமின் ஒளியுணர்வைக் குறிக்கும் டின் (டி.ஐ.என்.) அளவுகோல் வந்தது 1934ல். அதற்கு முந்தியது என்று சொல்லும் கேமராவில் டின் பொறித்திருந்தால் ஏதோ இடிக்கிறது. ஜப்பான் கேமராவில் ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது என்ற வாசகம் இருந்தால் 1947க்கும் 1952க்கும் இடைப்பட்டது. காப்புரிமை எண்ணோ தேதியோ பொறித்திருந்தால் கேமரா அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. எவ்வளவு பிந்தியது என்பதை அது சொல்லாது. இந்த வித்தியாசத்தை மறப்பதால்தான் 1910 என்ற காப்புரிமைத் தேதியைப் பார்த்து இருபதுகளின் பெட்டிக் கேமராவை 1910 என்று எழுதிவைக்கிறார்கள். லென்ஸ் பூச்சு இன்னொன்று. ஸைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சுக்குக் காப்புரிமை பெற்றது 1935ல், பொதுமக்கள் கைக்குப் பரவலாக வந்தது போருக்குப் பிறகு. முப்பதுகளின் கேமராவில் லென்ஸை விளக்குக்குச் சாய்த்துப் பார்த்து ஊதா நீலம் மின்னினால், லென்ஸ் பிற்காலத்தது, அல்லது பிற்காலத்தில் பூச்சு ஏற்றியது. ஜப்பான் கேமராக்களில் ஒட்டியிருக்கும் தங்கநிறச் சோதனை ஸ்டிக்கரை மட்டும் சாட்சியாக எடுக்காதீர்கள். உரித்து வேறொன்றில் ஒட்டலாம்.

சரி, எதை எடுப்பது?

வயதறியும் கலையைக் கற்க ஒரே ஒரு கேமரா வேண்டும் என்றால் கீயெவ், லென்ஸும் அதே வருடத்தில் தொடங்குவதாகப் பார்த்து. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. எண்ணைப் படிப்பது ஒரு நாளில் வந்துவிடும், திருகையும் பாகங்களையும் படிப்பது அடுத்த சில மாதங்களில் வரும், தவறினாலும் இழப்பு தாங்கும் அளவில் இருக்கும். படம் எடுத்துக்கொண்டே சேகரிக்க நினைப்பவர் ஹாசல்பிளாட் 500 வரிசைக்குப் போகலாம். மேகசின் உள்கூட்டைப் பார்க்க மட்டும் மறக்க வேண்டாம். ஒரே மாடலில் நுண்ணிய வேறுபாடுகளை வரிசையாக அடுக்கிப் பார்க்கும் பொறுமை உள்ளவருக்கு நிக்கான் எஃப் பல வருடத்துக்குத் தீனி போடும்.

லைக்காவை இரண்டாவதாக வையுங்கள். ஆவணம் அதிகம் என்பதாலேயே முதலில் அதைத் தொடச் சொல்லும் ஆலோசனை பரவலாக இருக்கிறது, நான் அதோடு உடன்படவில்லை. போலி செய்பவரும் பட்டியலைப் படிக்கிறார், சரியான எண்ணைத் தேர்ந்தே பொறிக்கிறார். நெம்புகோல் நுனியில் சக்கரம் இருக்கிறதா, முன்திருகி எண்ணின் வருடத்துக்குப் பொருந்துகிறதா, லென்ஸில் மூன்று இலக்கம் இருக்கிறதா என்று கேட்கும் பழக்கம் விரலுக்கு வந்த பிறகு லைக்காவைத் தொட்டால், அது கொடுக்கும் மகிழ்ச்சி வேறு எதிலும் இல்லை.

எதை எடுத்தாலும், கையில் வந்த அன்றே துடைப்பதற்கும் பழுதுபார்க்கக் கொடுப்பதற்கும் முன்னால் படம் எடுத்துவையுங்கள்: மேல்தகட்டு எண், லென்ஸ் வளையத்து எழுத்து, மவுன்டுக்குள்ளே, பின்மூடிக்குள்ளே, அடித்தகட்டுத் திருகுகள். மறுபெயிண்ட் அடிக்கவும் வேண்டாம். விளிம்பில் தேய்ந்து பித்தளை தெரியும் இடத்தில் கறுப்புக்குக் கீழே நிக்கலா குரோமா என்று தெரியும், பெயிண்ட் தொழிற்சாலையில் அடித்ததா பின்னால் யாரோ அடித்ததா என்றும் தெரியும். நண்பர் தாத்தாவின் லைக்காவை அப்படியே துணியில் சுற்றி எடுத்துப் போனார். கூட ஒரு சின்னச் சீட்டும் வைத்தோம்: எண் 1930, வசதிகள் 1933க்குப் பிறகு, தொழிற்சாலை மாற்றமாக இருக்க வேண்டும், லென்ஸ் பூச்சில்லாதது.